வெளியிலிருந்து வரும் வழி

கேமரா தானாகத் திரும்பியது.

அலுவலகக் கணினியின் ஓரத்தில் அவள் திறந்து வைத்திருந்த வீட்டுக் கேமராவின் சின்னப் படத்தில், காய்ச்சலோடு படுத்திருந்த மகளைக் காணோம். வெறும் சுவர்தான் தெரிந்தது. பொத்தானை அழுத்திக் கட்டிலுக்குத் திருப்பினாள். ஏசியின் முனகலும், பக்கத்து மேசையில் ஆறிப்போன காபியின் வாசனையும், ஜன்னலில் வழியும் மழையுமாகப் பிற்பகல் இருண்டு கிடக்க, படம் மறுபடி, தயங்கித் தயங்கி, சுவர்ப்பக்கம் நகர்ந்தது.

"அம்மா, ஏன் கேமராவைத் திருப்பித் திருப்பி விளையாடுற?" ஹெட்போனில் மகளின் குரல் கரகரத்தது.

"சும்மாதான்டா கண்ணு. அப்பா வந்தாச்சா?"

"இன்னும் இல்ல. கதவை வெளில பூட்டிட்டு மருந்துக்கடைக்குப் போயிருக்கார்."

அவளுக்கு நெட்வொர்க் வேலைதான் பிழைப்பு. வெளியிலிருந்து வருகிறவர்களை நேரே கேமராவிடம் அனுப்பும் வழியை வீட்டு ரவுட்டரில் திறந்து வைத்தவளும் அவளேதான். அலுவலகக் கணினியின் இணைய முகவரிக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்க வேண்டும். அவசரத்தில், யார் வந்தாலும் விடு என்று போட்டுவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டுத் தன் வீட்டில் கோட்டை விட்டாள்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். கேமராவோடு இரண்டு இணைப்புகள். ஒன்று அவளுடையது. இன்னொன்று?

எவனோ ஒரு பாவி என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்!

படம் கட்டிலுக்குத் திரும்பியது. அவள் திருப்பவில்லை. அலமாரி உச்சியில் இருந்த கேமராவை மகள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

வழியை அழித்தாள். சேமித்தாள்.

படம் உறைந்து நின்றது. அப்புறம்தான் புத்திக்கு எட்டியது: அவளும் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருந்தாள். தன்னைத்தானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரையில் மிச்சமிருந்த இரண்டாவது வரியை இப்போதுதான் முழுதாகப் படித்தாள். வெளி முகவரி இல்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒன்றின் முகவரி. கணவனின் போன் அவனோடு போயிருக்கிறது. டிவி பழுதாகிக் கடையில் கிடக்கிறது. இணையத்தில் சேர வேறு எதுவும் இல்லை. அந்த வீட்டில் வேறு எதுவுமே இல்லை.

இணைப்பு அறுபடும் முன் தேங்கியிருந்த மகளின் குரல் மட்டும் ஹெட்போனில் பிந்தி வந்தது.

"அம்மா... நீ எப்ப வந்த? உன் கை ஏன் இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு?"

உறைந்த படத்தில், மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடி ஓர் உள்ளங்கை. அலமாரியின் உச்சியிலிருந்து, கேமராவுக்குப் பின்னாலிருந்து, கட்டில்வரை நீண்டு கிடந்தது அந்தக் கை.