மற்ற லைனில் சீமோன்

சமையலறைத் தொட்டியின் விளிம்பில் கொஞ்சம் சாம்பல் கிடந்தது. சீமோன் விரலால் தொட்டுப் பார்த்தார். சூடு ஆறவில்லை.

ஈஸ்டரோடு விட்ட சிகரெட். பேரன் பிறந்ததும் மகள் நிரோஷினி வைத்த ஒரே நிபந்தனை அது. மனைவி இறந்த பிறகு அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுதான் அவருக்கு மிஞ்சிய ஒரே சந்தோஷம். ஆனால் ஒரு கிழமையாக, கனடாவின் அஜக்ஸ் நகரிலிருந்த அந்த வீடெங்கும் புகை மணந்தது. திரைச்சீலையில், துவாயில், குழந்தையின் போர்வையில்கூட. சற்று முன் பால்மா வாங்கப் புறப்பட்ட நிரோஷினி, சப்பாத்தை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"இன்னொருக்கா மணந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவன், அப்பா. பிறகு கண்ணிலையும் காட்டமாட்டன்."

"நான் பத்தேல்லைப் பிள்ளை."

அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, பின்னேரமே இருட்டிவிட்டது. குழந்தை மேலே தூங்கியது.

கைபேசி அடித்தது. சிகரெட்டை விட உதவும் தொலைபேசிச் சேவையிலிருந்து றோசலின். முன்பு வாராவாரம் பேசித் தைரியம் சொன்ன பெண்தான்.

"அங்கிள், சேவையைத் திருத்துறதுக்கு விவரம் சேர்க்கிறம். இந்தக் கிழமை ஒரு இழுப்பாவது இழுத்தனீங்களோ?"

"இல்லை."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை நின்றது.

"நேற்று ஓம் எண்டு சொன்னீங்களே. நீங்களாத்தானே எங்களுக்குக் கோல் எடுத்தனீங்கள்."

சீமோனுக்குச் சுருக்கென்றது. முந்தியே யோசித்திருக்க வேண்டும். வீட்டில் யார் யார், எத்தனை மணிக்கு எழும்புவது என்று தொலைபேசியில் கேட்டவர்களுக்கெல்லாம் மடையன் மாதிரி ஒப்பித்தாரே. அந்த விவரங்களை எவன் வாங்கினானோ?

"ஆர் என்ரை பேரிலை கதைக்கிறது? எனக்கு அது தெரியவேணும்."

"பதிவு இருக்கு அங்கிள். கேளுங்கோ."

முதலில் ஒரு இருமல். முடிவில் லேசாகச் சீட்டியடிக்கும், அவருடைய அதே இருமல். பிறகு அவருடைய குரல், அவசரமில்லாமல்:

"மேலை, பிள்ளையின்ரை அறைக்குள்ளை வைச்சுத்தான் பத்துறனான். அவன் அழமாட்டான். என்னையே பாத்துக்கொண்டு கிடப்பான்."

பின்னணியில் தொட்டிலுக்கு மேல் சுற்றும் பொம்மையின் இசை கேட்டது. நிரோஷினி போன கிழமைதான் வாங்கி மாட்டிய பொம்மை.

றோசலின் திரும்ப வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அங்கிள்... நீங்கள் இப்ப மற்ற லைனிலையும் நிக்கிறீங்கள்."

சுவரோரத் துவாரம் வழியாக, வீட்டைச் சூடாக்கும் காற்று இறங்கியது. அதோடு புகை மணம். அதோடு, மேலேயிருந்து, அந்த இருமல்.

அவர் படியேறினார். கைப்பிடியை விடவில்லை. பொம்மையின் இசை. யாரும் முடுக்காமல் அது பாடாது.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

குழந்தை விழித்திருந்தான். அழவில்லை. மூலையிலிருந்த ஆடும் நாற்காலியைப் பார்த்துச் சிரித்தான்.

நாற்காலி ஆடியது. இருட்டில் ஒரு சிவப்புப் பொட்டு. மங்கியது. மறுபடி எரிந்தது. எழும்பியது.

தொட்டிலை நோக்கி.

கீழே வாசற்கதவு திறந்தது. "அப்பா?"

"மேலை நிக்கிறன் பிள்ளை, வா," என்றது மூலை, அவருடைய குரலில்.

வராதே என்று கத்த சீமோன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து புகை வந்தது. நிற்காமல் வந்தது.

நிரோஷினி படியேறிக்கொண்டிருந்தாள்.