ஏழாவது தாள்

"என் வீட்டுக்காரர் காலைப் பட்டாளத்துக்குக் குடுத்தார். நாங்க காகிதத்தை ஆபீசுக்குக் குடுத்தோம். ரெண்டும் திரும்பி வரலைங்க."

மழையில் நனைந்து வந்த தையல்காரி இதைச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். சீருடை தைக்கும் பட்டறையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். எதிரே இருந்தவர் நீதிமன்றத்தில் முப்பது வருடம் ஆவணப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பக்கத்தில், காதைத் தீட்டிக்கொண்டு நின்றது அவருடைய மனைவியின் தம்பி. பஸ் கண்டக்டராக இருந்தவர். எந்த வழக்கிலும் முதல் பத்து நிமிடத்துக்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். இதுவரை ஒருமுறைகூடச் சரியான ஆளைப் பிடித்ததில்லை.

தையல்காரியின் கணவன் சிப்பாய். நாலரை வருடத்துக்கு முன் எல்லையில் அடிபட்டு, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு மூன்று முறை மனுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஏழெட்டு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: 'மருத்துவ ஆவணம் இணைக்கப்படவில்லை.' ஒவ்வொரு முறையும் அவள் ராணுவ மருத்துவமனையில் வரிசையில் நின்று புது நகல் வாங்கினாள்.

"வெட்டின இடம் மறுபடி சீழ் வைக்குதுங்க. பென்ஷன் ஆணை வந்தாத்தான் ராணுவ ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணுவாங்க. இந்த மாசம் இருபதாம் தேதிக்குள்ள அந்தத் தாள் போகலேன்னா மனுவையே முடிச்சிடுவாங்களாம்."

"நீங்க வச்சது உறுதிதானே?"

"நானே தைச்சேனே! பன்னிரண்டு தாள். ஓரத்துல வெள்ளை நூல்ல மூணு தையல். அவர் கவர்ல போட்டு ஒட்டுவார், மறுநாள் நான் கொண்டுபோய்க் குடுப்பேன். எடுத்தது அந்தப் பதிவறைக் குமாஸ்தாதான். போன வாரம் அவர்மேல புகார் எழுதிக் குடுத்துட்டேன்."

"அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்தது?"

"அடிபட்ட விவரம். டாக்டர் கிறுக்கல், எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடல."

"உங்க குடும்பத்துல வேற யாராவது பட்டாளத்துல இருந்தாங்களா?"

அதுவரை குனிந்திருந்தவள் தலையை நிமிர்த்தினாள். "என் தம்பி. இவரோட அதே படைப்பிரிவு. அதே நாள் சண்டையில போயிட்டான்."

பதிவறையில் கூரைவரை கோப்புகள் அடுக்கியிருந்தன. குமாஸ்தா ஒல்லியான மனிதர். அந்தப் புகாருக்கு எழுதி, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த விளக்கக் கடிதத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இவன்தான் அத்தான்" என்று கண்டக்டர் காதோரம் முணுமுணுத்தார். "டிக்கெட் எடுக்காதவன் முழி. நான் பார்க்காததா?"

பரிசோதகர் மூன்று கோப்புகளையும் புரட்டினார். ஒவ்வொன்றிலும் பதினோரு தாள். மூலையில் ஒன்று முதல் பதினொன்று வரை முத்திரை எண், எங்கும் விட்டுப்போகவில்லை.

"இந்த எண்ணை எப்பக் குத்துவீங்க?"

"கவுன்டர்ல கவரைப் பிரிச்ச உடனே சார். அவங்க கண்ணு முன்னாடியே. மெஷின், அதுவா எண் மாத்தும்."

பரிசோதகர் மனுத் தாள்களின் ஓரத்தைத் தைத்திருந்த நூலை விரலிடையில் தேய்த்துப் பார்த்தார். பழுப்பு நிறம், தடிப்பு. விரலில் மெழுகு ஒட்டியது. பிறகு குமாஸ்தாவைத் தனியே அழைத்துப்போய் ஏதோ கேட்டார். அந்த மனிதர் விதிப்புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார்.

அங்கிருந்து நேராகச் சிப்பாயின் வீட்டுக்குப் போனார்கள். மனைவி பட்டறைக்குப் போயிருந்தாள். ஒற்றை அறை, மருந்து வாடையையும் மீறிக்கொண்டு புண்ணின் வாடை. சிப்பாய் கட்டிலில் சாய்ந்திருந்தான். அக்குளில் வைக்கும் தோல் மெத்தை பிய்ந்து, மறுபடி தைக்கப்பட்ட ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது.

"எதுக்குங்க வீணா அலையுறீங்க? அவதான் விடமாட்டேங்கறா. அந்த ஏழாவது தாள் கிடைக்காது. விட்டுடுங்க."

"கிடைக்காம எங்க போகும்? அந்தக் குமாஸ்தாவை ரெண்டு தட்டு தட்டினா..." என்று கண்டக்டர் ஆரம்பித்தார்.

"மாப்ள, கொஞ்சம் உட்காரு." பரிசோதகர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மருத்துவ ஆவணம் இல்லைன்னுதான் ஆபீஸ் எழுதியிருக்கு. அது எத்தனாவது தாள்னு எழுதல. உங்க சம்சாரமும் எங்ககிட்டச் சொல்லல. ஏழுன்னு எண்ணிப் பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான்."

சிப்பாய் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான்.

"ஆபீஸ்ல தாள் போயிருந்தா எண் வரிசையில ஓட்டை விழுந்திருக்கும். விழல. கவுன்டருக்கு வந்ததே பதினொண்ணுதான். உங்க சம்சாரம் தைச்சது வெள்ளை நூல். கோப்புல இருக்கறது மெழுகு நூல். இதோ, இந்த ஊன்றுகோல்ல இருக்கற அதே நூல். அவங்க தூங்கினப்புறம் பிரிச்சு, ஒரு தாளை எடுத்துட்டு, திரும்பத் தைச்சு, கவரை ஒட்டியிருக்கீங்க. மூணு தடவையும்."

கண்டக்டர் ஊன்றுகோலை எடுத்துத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"உங்க கால் அழுகுது. அதைவிடப் பெரிசா எதை மறைக்கணும்? அதே நாள்ல செத்த மச்சினனைத் தவிர எனக்கு வேற எதுவும் தோணல."

சிப்பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சண்டையே நடக்கலைங்க" என்றான். "லாரி கவுந்துச்சு. அவன்தான் ஓட்டினான். ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல அவனுக்கு. முழிச்சுக்கடான்னு சொல்லிட்டு, பக்கத்துல உட்கார்ந்து நான் தூங்கிட்டேன். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப அவ நின்னா. தம்பி எப்படிப் போனான்னு கேட்டா. சண்டையிலன்னேன். அவ ஊர் முழுக்கச் சொல்லிட்டா. அந்தத் தாள்ல அவன் பேரே இருக்கு, ஓட்டுநர் உறங்கியதால்னு. மெடிக்கல் போர்டு முன்னால அதைச் சத்தமா வாசிப்பாங்க. அவளும் பக்கத்துல உட்கார்ந்திருப்பா."

"அவன் குடும்பத்துக்கு வர்ற பென்ஷன் நின்னுடும்னு பயந்தீங்களா?"

"அதுவும் இருந்துச்சு."

"நிக்காது. பணியில இறந்தாப் போதும். அந்தக் குமாஸ்தா விதியை எடுத்துக் காட்டினார். அவரைப் பத்தியும் சொல்லணும். உங்க சம்சாரம் புகார் குடுத்ததுல அவர் வேலை இந்த வாரம் போகப்போகுது. உங்களுக்குத் தெரியுமா?"

சிப்பாய் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தெரியாது. சத்தியமாத் தெரியாதுங்க."

கட்டில் மெத்தைக்கு அடியில் கைவிட்டு மூன்று தாள்களை எடுத்தான். மூன்றும் ஒரே தாளின் நகல். "கிழிக்க மனசு வரல. அவன் பேர் இருக்குதே."

"இதை நான் சொல்லக் கூடாது" என்று பரிசோதகர் எழுந்தார். "நீங்கதான் சொல்லணும்."

"போயிடாதீங்க. வாசல்லயாவது இருங்க."

தையல்காரி சாயங்காலம் வந்தாள். பரிசோதகரும் கண்டக்டரும் வாசலில் நின்றார்கள். உள்ளே கணவனின் குரல் மட்டும் தாழ்ந்து, விட்டுவிட்டுக் கேட்டது. அது நின்றபின் எதுவுமே கேட்கவில்லை. கண்டக்டர் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவள் கேட்டாள்: "உடனே போயிட்டானா?"

"இல்ல. கொஞ்ச நேரம் இருந்தான்."

"என்ன சொன்னான்?"

"அத்தான், அக்காகிட்டச் சொல்லாதீங்கன்னான்."

மறுநாள் அவள் அலுவலகத்துக்குப் போய் முதலில் புகாரைத் திரும்பப் பெற்றாள். குமாஸ்தாவின் மேசை முன் நின்று மன்னிப்புக் கேட்டபோது அவர் தாளை வாங்கி, அவள் கண்முன்னாலேயே எண் குத்தி, கோப்பைத் தன் கையாலேயே மேலதிகாரி அறைக்குக் கொண்டுபோனார்.

ஆணை ஏழாவது வாரம் வந்தது. அதற்குள் சீழ் எலும்புக்குப் போயிருந்தது. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ராணுவ மருத்துவமனையில் நர்ஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்:

"எப்படி அடிபட்டது?"

சிப்பாய் மனைவியைப் பார்த்தான். அவள் அவன் கையை விடவில்லை.

"லாரி கவுந்துச்சு. என் தம்பிதான் ஓட்டினான்" என்றாள் அவள். "ரெண்டு நாளாத் தூங்காம ஓட்டினான். அதையும் எழுதிக்கோங்க."