பெயர் சொல்லாமல் கூப்பிட்டாள்

தியேட்டர் திரையில் லதாவின் கணவரின் உதடு அசைந்து முடிந்த பிறகுதான் அவர் குரல் வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான் இடைவெளி. தம்பி வேஷக்காரர் பேசும்போதும் ராணி அழும்போதும் உதடும் குரலும் ஒட்டியே இருந்ததை லதா கவனித்துவிட்டாள். சாட்டிலைட் கோளாறு என்றால் எல்லோருக்கும்தானே வர வேண்டும் என்று ஒரு தடவை தோன்றியது. வெயிலில் வந்த களைப்பில் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

2009, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டம். சென்னை அரங்கில் நடக்கும் நாடகத்தை அதே நேரத்தில் செங்கல்பட்டு தியேட்டரில் காட்டப்போவதாக இரண்டு நாளாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தார்கள். வந்ததென்னவோ முப்பது பேர். தம்பி கொடுக்கும் பால் விஷம் என்று தெரிந்தும், நாட்டில் சண்டை மூளக்கூடாதென்று அதைக் குடித்துச் சாகும் அரசனின் கதை. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக வேலை பார்க்கும் அவள் கணவர்தான் பதினெட்டு வருஷமாக அந்த அரசன். இன்று அவர் முகம் திரையில் ஒரு வீட்டுச் சுவர் அகலத்துக்கு இருந்தது. பூரித்துப்போக வேண்டிய நேரம், ஆனால் அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாடகக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் செத்தவன் தானாக எழக்கூடாது. வீட்டு ஆள் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அப்புறம்தான் எழுந்து சபைக்குக் கும்பிடு போடலாம். இத்தனை வருஷமும் மாமியார் எல்லம்மாள் மேடை ஓரத்தில் நின்று மகனைக் கூப்பிட்டாள். தை மாதம் அவள் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் லதா ஒருத்திதான். அவளும் கணுக்கால் வீங்கி ரயில் ஏற முடியாமல் ஊரிலேயே நின்றுவிட்டாள்.

"லைவ்தானே காட்றாங்கோ. அங்க குந்திகினே பேரச் சொல்லிக் கூப்டு, போதும்," என்றார் காலையில், பையை மாட்டிக்கொண்டே.

"உங்க பேர நான் எப்டிங்க சொல்றது? வாய் கூசாது?"

"கூப்டலன்னா அங்கியே கெடக்க வேண்டிதுதான்."

இருவரும் சிரித்தார்கள். இருபது வருஷத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பதில் பேசாமல் கார்டை நீட்டிவிடுவாள்.

திரையில் அவர் பாலை வாங்கினார். தியேட்டரின் பக்கவாட்டு மின்விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நிற்க, ஃபினாயில் வாடைக்கு நடுவே அரிதார வாடை எங்கிருந்தோ வந்தது. அவர் வீட்டுக்கு வந்ததும் தலையணையில் ஒட்டுமே, தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த அந்த வாடை. அவர் குடித்தார், தள்ளாடினார், விழுந்தார். விழுந்த சத்தம் ஒரு மூச்சு கழித்து வந்தது.

ராணி வந்து மார்பில் மாலை போட்டு அழுதாள். அவர் எவ்வளவு மூச்சை அடக்கினாலும் அந்த மாலை லேசாக ஏறி இறங்கும். முன்வரிசைப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இன்று மாலை அசையவில்லை.

கைத்தட்டல் கேட்டது. மற்றவர்கள் வந்து வரிசையாக நின்றார்கள். அவர் கிடந்தார்.

"இன்னாடி, உங்கூட்டுக்காரரு இன்னும் எழல?" என்றாள் பக்கத்து வீட்டு சந்திரம்மா, முறுக்கைக் கடித்தபடி.

லதாவுக்கு விரல்கள் மரத்திருந்தன. நாக்கும்தான். பயம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி. பெயர் தொண்டைவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"ஏங்க," என்றாள். பழக்கம்தான். "ஏங்க, எழுந்து வாங்க."

ஒரு மூச்சு கழித்து, திரைக்குப் பின்னாலிருந்த ஸ்பீக்கரில் அவள் குரலே கேட்டது. ஏங்க, எழுந்து வாங்க.

அவர் எழுந்தார்.

வலது முழங்கால் பழுது அவருக்கு. தரையில் கை ஊன்றாமல் எழ முடியாது. இவர் கை ஊன்றவில்லை. நேராக எழுந்தார். வரிசையில் போய் நின்று கும்பிட்டார்.

"எழுந்துட்டாரு. நீ மெதுவா வா, நான் வெளிய ஆட்டோ பாக்கறேன்," என்று சந்திரம்மா போய்விட்டாள்.

லதா நகரவில்லை. வரிசைக்குப் பின்னால், விழுந்த அதே இடத்தில், மாலையோடு அவர் இன்னும் கிடந்தார். அதே கிரீடம். அதே கோணல் கால். வரிசை கலைந்து உள்ளே போனவர்கள் தெரியாமலே அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எழுந்தவர் மட்டும் நின்று குனிந்து பார்த்தார். பிறகு தாண்டிப் போனார்.

மேடை காலி. கேமரா அப்படியே நின்றது. தியேட்டரிலும் ஆளில்லை. திறந்த கதவு வழியாக நடைபாதைவரை வெயில் விழுந்திருந்தது.

செல்போன் அடித்தது. அவர் நம்பர்.

"கூப்ட்டியே. கெளம்பிட்டேன்." அவர் குரல்தான். பின்னால் பஸ் ஹாரன். "கதவுக்குத் தாப்பா போடாத."

திரையில் அவர் கிடந்தார்.

இப்போது கூசவில்லை. எதுவுமே இல்லை. வாயைத் திறந்தாள். வந்தது.

"அருணகிரி."

மாலை ஒரு தடவை ஏறி இறங்கியது. கண் திறந்தது. நேராக அவளைப் பார்த்தது. உதடு அசைந்தது. குரல் வர ஒரு மூச்சு ஆகும். லதா காத்திருந்தாள்.

ஒளிபரப்பு நின்றது. வெள்ளைத் திரை.

காதோடு இருந்த போன் கேட்டது.

"யாரு அது?"