ஏரிக்கு ஒரு நாற்காலி

நாரைப்பேட்டை நகராட்சியில் கூட்டம் தொடங்குவதற்கு ஒரு முறை உண்டு. பியூன் சிங்காரம் பித்தளைச் செம்பில் ஏரித் தண்ணீரைக் கொண்டுவந்து, தலைவருக்கு வலப்பக்கம் காலியாக இருக்கும் நாற்காலியில் வைப்பார். உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். செம்பிலிருக்கும் தண்ணீர் ஆட்டம் அடங்கிய பிறகுதான் உட்காரலாம். அன்றைக்கு எந்த வார்டைப் பற்றிப் பேச்சோ அந்த வார்டின் கரையில் மொண்ட தண்ணீராக அது இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்த நாற்காலி ஏரியுடையது. சட்டப்படி ஏரியும் ஓர் உறுப்பினர்தான். கூட்டத்துக்கு வருவதற்கான படிக்காசு மட்டும் கிடையாது.

மதகடி வார்டு உறுப்பினர் செங்கொடியும் எழுந்து நின்றாள். மற்றவர்கள் செம்பைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நகராட்சித் தலைவர் தணிகைவேலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருடன் முகத்தில் எங்காவது ஓர் ஓரத்தில் திருட்டு தெரியாமலா போய்விடும் என்பது அவள் எண்ணம். தெரியவில்லை. அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

பெருவறட்சி முடிந்த கையோடு வந்தது நீர்நிலைச் சட்டம். ஏரிக்கரையில் குடியிருக்கும் எந்த வார்டுக்கும் குழாய்த் தண்ணீர், பேருந்து, மருந்தகம், சாக்கடை என்று எது தொடர வேண்டுமானாலும் ஏரி சம்மதிக்க வேண்டும். கரை நெடுக உணரிக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். தண்ணீரில் உயிர்வளி எவ்வளவு, உப்பு எவ்வளவு, மீன் மூச்சுவிடுகிறதா என்று அவை ஓயாமல் படித்து அனுப்பும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வாக்களிக்கும் பொறிக்கு நீர்வாய் என்று பெயர். குரல் மட்டும் இதமான பெண்குரல். சம்மதம் என்னும், அல்லது சம்மதமில்லை என்னும். அதற்கு மேல் ஒரு சொல் பேசாது.

ஆரம்பத்தில் காரணமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? கூட்டத்துக்கு முன்னால் கம்பத்தைச் சுற்றி மட்டும் சுத்தம் செய்து, மோட்டார் வைத்துக் காற்றை ஊதி, சம்மதம் வாங்கிய மறுநாளே பழைய சாக்கடையைத் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு காரணத்தை முத்திரை வைத்துப் பூட்டிவிட்டது அரசு. சொன்னால் ஏமாற்றுகிறார்கள், சொல்லாவிட்டால் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகமே தேவலை என்று முடிவு செய்தார்கள் போலும். அலுவலர் யாராவது காரணத்தை வெளியே விட்டால் வேலையும் போகும், அந்த வார்டுக்கும் அத்தோடு சம்மதம் கிடையாது.

அன்று மதகடிக்கு ஆதரவாக முதலில் கை தூக்கியவர் தணிகைவேல்தான். பின்னாலேயே மன்றம் முழுவதும் தூக்கியது. பிறகு நீர்வாய் பேசியது.

"மதகடிக்குச் சம்மதமில்லை. இது இரண்டாம் முறை."

மூன்றாம் முறையும் இதையே சொன்னால் மதகடி ஓய்வுப் பகுதி ஆகிவிடும். குழாயை மூடுவார்கள், பேருந்தை நிறுத்துவார்கள், அத்தனை குடும்பங்களையும் கல்மேட்டு அடுக்ககத்துக்கு ஏற்றிவிடுவார்கள். செங்கொடி பிறந்து வளர்ந்த தெரு, அவளை நம்பி ஓட்டுப் போட்ட சனம், எல்லாம் அடுத்த மாதக் கூட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

வாசலில் தணிகைவேல் அவளை நிறுத்தி வருத்தப்பட்டார். "நான் என்னம்மா செய்ய? எல்லாரும் கை தூக்கிட்டோம். அதுக்கு மேல ஏரியாச்சு, நீங்களாச்சு."

அந்த வருத்தம் அவளுக்குக் கசந்தது. ஏரி மறுக்கப்போவது முன்கூட்டியே தெரிந்தவனுக்குக் கை தூக்குவதில் என்ன கஷ்டம்? மதகடி காலியானால் அங்கே மிதக்கும் சூரியத் தகடு போடப்போவதாகப் பேச்சு. ஒப்பந்தம் தலைவரின் மைத்துனருக்கு என்றும் பேச்சு. யார் பேசினார்கள் என்று கேட்டால் செங்கொடிக்கே தெரியாது.

அன்று மாலையே மதகடியில் தெருக்கூட்டம் போட்டாள். நீர்வாயில் யாரோ கைவைக்கிறார்கள் என்றாள். தலைவரின் ஆட்கள் வந்து எதையாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றாள். பேச்சு சூடேறிய வேகத்தில், "நானே வந்து வேற மாதிரி பேசினாலும் ரெண்டு தரம் யோசிங்க" என்றும் சொன்னாள். கைதட்டல் பலமாக இருந்தது. இட்லிக்கடை கனகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் செங்கொடி தலைவரின் வீட்டுக்கே போனாள். வாயைப் பிடுங்கினால் ஏதாவது விழும் என்ற நப்பாசைதான். அவர் காபி கொடுத்தார், மகள் வரைந்த படங்களைக் காட்டினார், ஏரியைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவள் வெளியே வரும்போது மதகடிப் பேருந்து அந்தத் தெருவைக் கடந்துபோனது. சன்னலோரத்தில் தெரிந்த முகங்களை அவள் கவனிக்கவில்லை.

அடுத்து அவள் பிடித்தது நீர்வாயைப் பராமரிக்கும் பொறியாளர் பர்வீனை. பொறியில் யாராவது கைவைத்தார்களா என்று நேராகவே கேட்டாள். யாரும் வைக்கவில்லை, வைக்கவும் முடியாது என்றாள் பர்வீன். அப்படியானால் ஏன் மறுக்கிறது என்று கேட்டதற்கு, அது முத்திரைக்குள் இருக்கிறது என்றாள். செங்கொடி நகர்வதாக இல்லை. பாலூட்டும் தாய்மார்களையும் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளையும் கல்மேட்டில் எத்தனையாவது மாடியில் ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே நின்றாள். பர்வீன் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல மேடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதகுப் பக்கம் காத்து நல்லா வருதாம். ஒரு நடை போயிட்டு வாங்க."

செங்கொடிக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். வெள்ளிக்கிழமைகளில் மைத்துனனின் லாரி வந்து கழிவைக் கொட்டுகிறது, அவ்வளவுதானே! கையும் களவுமாகப் பிடித்துப் படமும் எடுத்துவிட்டால் தணிகைவேலின் கதை முடிந்தது.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்பே மதகுச் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். காற்று ஒன்றும் நல்லாயில்லை. தேங்கிய தண்ணீரிலிருந்து புளித்த வாடை வந்தது. லாரி வரவில்லை. பேச்சும் சிரிப்புமாகப் பெண்கள்தான் வந்தார்கள், எல்லாம் மதகடிப் பெண்கள். முன்னால் கனகம். ஆளுக்கு ஒரு குடம்.

தண்ணீரை ஒட்டி நின்றது உணரிக் கம்பம். செங்கொடி அதை இத்தனை கிட்டத்தில் இதற்கு முன் பார்த்ததில்லை. அடியிலிருந்து இடுப்புயரம் வரை மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துண்டு சுற்றி, எலுமிச்சை மாலை போட்டிருந்தார்கள். கனகம் கற்பூரம் காட்டினாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து குடம் குடமாகப் பாலைக் கம்பத்தின் தலையில் ஊற்றினார்கள். பால் வழிந்து, ஓட்டமில்லாத மதகடித் தண்ணீரில் இறங்கி, ஏற்கெனவே அங்கே கெட்டுப்போய்க் கிடந்த பாலோடு சேர்ந்தது.

செங்கொடிக்குப் புரிந்துவிட்டது. கெட்ட பால் உயிர்வளியைக் குடித்துவிடும். மீன் மூச்சுத் திணறும். கம்பம் அதைத்தான் படித்து அனுப்பும். ஏரி முதல்முறை மறுத்தது ஏதோ ஒரு வறண்ட மாதத்தின் கோளாறாக இருந்திருக்கலாம். இரண்டாம் முறை மறுத்ததற்குக் காரணம் இதோ, குங்குமம் வைத்துக்கொண்டு நிற்கிறது.

சுவருக்குப் பின்னாலிருந்து அவள் எழுந்து வந்ததும் பெண்கள் திகைத்துப் போனார்கள். எப்போதிலிருந்து இது நடக்கிறது என்று கேட்டாள். ஏரியம்மா முதல்முறை முகம் திருப்பியதிலிருந்து என்றாள் கனகம். என்ன குற்றம் என்று அவள் வாய் திறந்து சொல்லாதபோது, குளிர வைப்பதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது என்றாள். வீட்டில் பிள்ளைகளுக்குக்கூடக் காபி இல்லை, வாங்குகிற பாலெல்லாம் இங்கேதான் என்று பின்னாலிருந்து ஒருத்தி பெருமையாகச் சொன்னாள்.

"ஊத்தாதீங்க," என்றாள் செங்கொடி. "பால் கெட்டுத் தண்ணி நாறுது. அதனாலதான் வேணாங்குது. உங்க கால்ல விழறேன், நிறுத்திடுங்க."

கனகம் குடத்தைக் கீழே வைத்தாள். "காரணம் யாருக்கும் தெரியாதுன்னு நீதானே சொன்னே. உனக்கு மட்டும் யாரு சொன்னது?"

பர்வீனின் பெயர் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால் அவள் வேலை போகும், வார்டும் போகும். கண்ணால் பார்த்தால் தெரியாதா, மூக்கால் மோந்தால் தெரியாதா என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவள் தடுமாறியதைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

"சேர்மன் வீட்டுல காபி குடிச்சியாமே," என்றாள் கனகம். குரலில் கோபம்கூட இல்லை. "நீயே வந்து வேற மாதிரி பேசினாலும் ரெண்டு தரம் யோசிக்கச் சொன்னே. யோசிக்கிறோம்."

மூன்றாம் வாக்குக்கு முந்தைய வாரம் முழுவதும் செங்கொடி வீடு வீடாக ஏறி இறங்கினாள். தேதியைத் தள்ளிவைக்கத் தலைவரிடம் மன்றாடினாள். அது தன் கையில் இல்லை என்றார். கடைசியில் கனகமே தெருவில் எதிர்ப்பட்டு அவள் தோளில் கைவைத்தாள். "சரி, விடு. ஊத்தல. போயி நிம்மதியாத் தூங்கு." செங்கொடி அழுதுவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை மதகுப் பக்கம் போய்ப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. நம்பாமல் நம்பாமல் அலுத்துப்போயிருந்தாள். ஒரு தடவையாவது யாரையாவது நம்பவேண்டும்போல் இருந்தது.

கூட்டத்தன்று பார்வையாளர் பலகையில் மதகடிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைக்குக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம். கனகம் செங்கொடியைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். அடம்பிடிக்கும் குழந்தையை ஏமாற்றி மருந்து குடிக்கவைத்த தாயின் முகம் அவளுக்கு.

சிங்காரம் உள்ளே வந்தார். எப்போதும் மார்போடு அணைத்துக் கொண்டுவரும் செம்பை இன்று கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். மன்றம் எழுந்து நின்றது. அவர் செங்கொடியைக் கடந்தபோது வாடை வந்தது. எதிர்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார்.

தணிகைவேல் செம்பைப் பார்த்தார், பிறகு செங்கொடியைப் பார்த்தார். அந்த முகத்தில் இத்தனை நாள் அவள் தேடியது எதுவும் இல்லை. வருத்தம்தான் இருந்தது. போன கூட்டத்திலும் அதேதான் இருந்திருக்க வேண்டும்.

செம்பு நாற்காலியில் இறங்கியது. வெண்மை கலங்கிய தண்ணீர் விளிம்பில் ஆடிக்கொண்டிருந்தது. பார்வையாளர் பலகையிலிருந்து பெண்கள் எழுந்து அதைப் பார்த்துக் கைகூப்பினார்கள். ஆட்டம் அடங்கியதும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். செங்கொடி மட்டும் நின்றுகொண்டே இருந்தாள்.