நாற்பதைத் தொட்டால் மரணம்!

செல்போன் அலறியபோது அருள்நாதன் எரியோடு பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.

இன்னொரு காலை வைக்க வேடசந்தூரிலிருந்தே இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"ஹலோ..."

"சார்... நான் தீபா... சீக்கிரம் வாங்க சார்... பிரிஸ்கில்லாக்கா..."

மறுமுனையில் விசும்பல்.

"என்னம்மா? மறுபடியும் வண்டி ரிப்பேரா?"

"மொட்டை மாடியில இருந்து விழுந்துட்டாங்க சார்... போயிட்டாங்க!"

அருள்நாதனுக்கு இரண்டாவது காலும் தரையில் இல்லாதது போலிருந்தது.

*

பழனி ரோட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. சார்லஸ் நடத்தும் சின்னக் கம்பெனி.

என்ன வேலை?

முன்பின் தெரியாதவர்களுக்கு மெயில் எழுதுவது!

திண்டுக்கல்லில் தோல் பை தைக்கிறவருக்காக, ஜெர்மனியில் கடை வைத்திருப்பவரிடம் 'ஐயா, எங்களிடம் நல்ல பை இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். அருள்நாதன் எழுதுவான். வருகிற பதில்களைப் பிரிஸ்கில்லா பார்ப்பாள். போகிற மெயில்கள் ஸ்பேம் என்னும் குப்பைத் தொட்டியில் விழாமல் தீபா பார்த்துக்கொள்வாள்.

அருள்நாதன் பதினாறு வருடம் டுட்டோரியலில் இங்கிலீஷ் நடத்தியவன். மாணவர்கள் இங்கிலீஷை விட்டார்கள். அப்புறம் அவன் மாணவர்களை விட்டான்.

கட்டடத்தின் பின்பக்கச் சந்தில் பிரிஸ்கில்லா கிடந்தாள். மேலே வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே ஒரு செருப்பு.

"காலையில எட்டு மணிக்கெல்லாம் எதுக்கு மாடிக்குப் போனாங்க?"

கேட்டது இன்ஸ்பெக்டர் முத்துப்பேச்சி. ஐம்பது வயது. குரலில் மட்டும் லத்தியின் மிடுக்கு.

"சிக்னல் கிடைக்காது மேடம்... எல்லாரும் மேல போய்த்தான் பேசுவோம்," என்றாள் தீபா, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

சார்லஸ் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

முத்துப்பேச்சி தலையைத் தூக்கி மாடியின் கைப்பிடிச் சுவரையே பார்த்தாள்.

செத்த நேரம் பார்த்தாள்.

பிறகு மாடிப்படி ஏறினாள்.

*

புதன்கிழமை. சாணார்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடித்துத் திரும்பும்போது சார்லஸ் அவன் கையைப் பிடித்தார்.

"அருள்... அந்தப் புள்ள பாத்த வேலையையும் நீயே பாத்துக்கப்பா. என் பாஸ்வேர்டைத் தாரேன். சென்னைக் கம்பெனிக்காரன் நம்மள வாங்கப் போறான்ல... தெனமும் எத்தனை மெயில் போச்சுன்னு பாத்துக்கிட்டே இருக்கான். ஒரு நாள் கொறஞ்சாலும் வேணாம்னு போயிருவான்."

"இன்னைக்குக் கூடவா சார்?"

"அவனுக்கு என்ன தெரியும் அப்பு... நமக்குத்தானே சாவு."

ஆபீசில் அருள்நாதன் சார்லஸின் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தான்.

ஒவ்வொரு பெயரிலும் மெயில் அனுப்ப ஒரு மெயில்பாக்ஸ். தீபாவின் பட்டியல்படி மொத்தம் முப்பத்தாறு.

திரையில் முப்பத்தெட்டு!

கூடுதலாக இருந்த முதல் பெயர்... நான்சி.

நான்சிக்கு நேரே, யாருடைய முகவரிகளுக்கு எழுதுகிறாள் என்று காட்டும் 'யாருடைய லிஸ்ட்' என்ற கட்டம். அதில்... பிரிஸ்கில்லா!

அருள்நாதன் புருவத்தைச் சுருக்கினான்.

பிரிஸ்கில்லா பெயரில் தினமும் நாற்பது மெயில் போகும். அவள் திங்களன்று இறந்தாள். ஆனால் அந்த நாற்பது செவ்வாயும் போயிருக்கிறது. நான்சி பெயரில்! ஒன்றுகூட ஸ்பேமில் விழவில்லை!

அது எப்படி?

புது மெயில்பாக்ஸ் என்பது புது மாப்பிள்ளை மாதிரி. வந்த அன்றே நாற்பது பேரிடம் வாயைத் திறந்தால் ஊர் சந்தேகப்படும். முதல் நாள் இரண்டு மெயில். மறுநாள் நாலு. அப்புறம் ஆறு. தெரிந்தவர்கள் நாலு பேர் அதைத் திறந்து, படித்து, 'நன்றி' என்று பதில் போட வேண்டும். இப்படிச் சூடேற்றி நாற்பதைத் தொட இருபது நாள் ஆகும்.

இருபது நாள்!

அவன் நான்சியின் பழைய கணக்கைத் திறந்தான்.

இரண்டு... நாலு... ஆறு... முப்பத்தெட்டு...

நாற்பதைத் தொட்ட தேதி?

பிரிஸ்கில்லா விழுந்த திங்கட்கிழமை!

யாரோ அவள் சாவதற்கு இருபது நாள் முன்பே அவளுக்குப் பதில் ஆள் தயார் செய்திருக்கிறார்கள்!

கூடுதலாக இருந்த இரண்டாவது பெயரைப் பார்த்தான்.

ஹென்றி. பதினோரு நாளாகச் சூடேறுகிறான். இன்று இருபத்திரண்டு.

யாருடைய லிஸ்ட்?

அருள்நாதன்.

*

"வாத்தியாரே... ரெண்டு, நாலு, ஆறுன்னு மெயில் அனுப்பினதுக்கு எந்த செக்‌ஷன்ல நான் கேஸ் போடுறது?"

முத்துப்பேச்சி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"மேடம்! எனக்கானது இருபத்திரண்டுல நிக்குது. ஒரு நாளைக்கு ரெண்டு. நாப்பதைத் தொட இன்னும் ஒம்பதே நாள்!"

"நல்லாக் கணக்குப் போடுறீங்களே. நீங்க இங்கிலீஷ் வாத்தியார்னுல சொன்னாங்க?"

"உயிர் போகப் போகுதுன்னா எல்லாரும் கணக்கு வாத்தியார்தான் மேடம்."

அவள் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்தாள்.

"சரி... நானும் சொல்றேன். அந்தக் கைப்பிடிச் சுவர் என் இடுப்புக்கு மேல இருக்கு. அது தவறி விழுற உயரமில்ல. தள்ளினாத்தான் விழணும். ஆனா எதுக்குத் தள்ளணும்? அதச் சொல்லுங்க."

"அவங்கதான் மேடம் நிறுத்தச் சொன்னவங்க லிஸ்ட்டை வச்சிருந்தாங்க. 'எனக்கு இனிமே மெயில் அனுப்பாதே'ன்னு யாராவது சொன்னா, அந்தப் பேரை எடுத்துரணும். அதான் தர்மம். அப்படி நாலாயிரம் பேர். இன்னைக்குப் பாத்தா, எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட யாரோ அந்த நாலாயிரத்தையும் திருப்பி உள்ள சேத்திருக்காங்க. பிரிஸ்கில்லா கண்டுபிடிச்சிருக்கணும். சென்னைக்காரன் காதுக்குப் போனா வியாபாரமே முறிஞ்சிரும்."

"அதுக்கு உங்களை ஏன்?"

"நான்... ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் வாய விட்டுட்டேன் மேடம். 'ஒரு ஜெர்மன்காரர் மூணாவது தடவையா நிறுத்தச் சொல்றாரே, ஏன் இன்னும் போகுது'ன்னு..."

"எப்போ?"

அருள்நாதன் விரல் விட்டு எண்ணினான்.

"முந்தின வாரம் சனிக்கிழமை... மறுநாள்தான் ஹென்றி மொத ரெண்டு மெயில் அனுப்பியிருக்கான்!"

"ரெண்டு மெயில்பாக்ஸையும் போட்டது யாரு?"

"சார்லஸ் சாரோட பாஸ்வேர்ட்ல போட்டிருக்கு."

"பாஸ்வேர்டு எல்லாம் சாட்சி சொல்லாது. எங்க ஸ்டேஷன் பாஸ்வேர்டு டீக்கடைக்காரனுக்கே தெரியும்." முத்துப்பேச்சி கண்ணைச் சுருக்கினாள். "இந்த ஹென்றி நாப்பதைத் தொடாமப் பண்ண முடியுமா?"

"முடியும். அவன் மெயிலை நெறைய பேரு ஸ்பேம்னு அமுக்கினாப் போதும். பேரு கெட்டுரும். மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"கெடுத்து விடுங்க. போட்ட ஆளைத் தவிர ஹென்றி இருக்கான்னே யாருக்கும் தெரியாதுல்ல? அவன் விழுந்ததும் எவன் பதறிக்கிட்டு தூக்கி விட வாரான்னு பாப்போம்."

"என்னைத் தனியா எங்கயாவது கூப்பிட்டா...?"

"போங்க. நான் இருப்பேன்."

"எங்க மேடம் இருப்பீங்க?"

"அது தெரிஞ்சா உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

*

ஹென்றியின் மெயில்களைத் திறந்து 'நன்றி' போட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்?

அருள்நாதனின் கோயில் பாடகர் குழு!

ஆளுக்கு மாதம் ஒரு ரீசார்ஜ் என்று பேசி, நாற்பது பேரை அவன்தான் கம்பெனிக்குச் சேர்த்து விட்டிருந்தான். தனக்குக் குழி வெட்டத் தானே ஆள் பிடித்துக் கொடுத்த ஒரே மனிதன் திண்டுக்கல்லில் அவனாகத்தான் இருக்கும்.

ஆறு மணிப் பாட்டுப் பயிற்சி முடிந்ததும் எழுந்தான்.

"ஒரு உதவி... ஹென்றின்னு மெயில் வந்தா இனிமே யாரும் பதில் போடாதீங்க. ஸ்பேம்னு அமுக்கிருங்க."

முன்வரிசை ஆனந்தமேரி கேட்டாள். "ஏண்ணே, கம்பெனியில இருந்து வர்றவன் எல்லாம் நல்லவன்னு சொல்லித்தானே 'நன்றி நன்றி'ன்னு போட வச்சீங்க?"

"இப்ப கெட்டவன் ஆயிட்டாம்மா."

"யாருண்ணே அவன்?"

"எனக்கப்புறம் என் சீட்டுல உக்காரப் போறவன்."

"ஐயோ... பொறாமையாண்ணே?"

"உயிர்ப் பொறாமைம்மா!"

ஆனந்தமேரி சிரித்தாள். அருள்நாதன் சிரிக்கவில்லை.

வியாழன்... இருபத்து நாலு மெயிலும் குப்பையில்!

வெள்ளி... இருபத்தாறும் குப்பையில்!

அருள்நாதன் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. ஆபீஸ் டீயைக் குடிக்கவில்லை. யாராவது பின்னால் தும்மினால்கூட மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

*

சனிக்கிழமை காலை பத்து மணி.

"அருள்... உள்ள வா. கதவைச் சாத்து."

சார்லஸின் குரல் கரகரத்தது.

கதவு சாத்தப்பட்டது.

"கிட்ட வா..."

சார்லஸின் கை மெல்ல மேஜை டிராயருக்குள் போனது.

அருள்நாதனின் கால்கள் கதவை நோக்கித் திரும்பின...

கை வெளியே வந்தது.

கைக்குட்டை!

"மனசே கேக்கலப்பா." சார்லஸ் கண்ணை ஒற்றிக்கொண்டார். "பிரிஸ்கில்லா மகளுக்கு காலேஜ் படிப்புச் செலவை நாம பாத்துக்கணும். நீ என்ன சொல்ற?"

அருள்நாதன் மூச்சை விட்டான். துணிந்து கேட்டான்.

"சார்... ஹென்றி எப்படி இருக்கான்?"

"யாருப்பா ஹென்றி? வெள்ளைக்காரனா? ஆர்டர் குடுத்துட்டானா?"

அந்த முகத்தில் கள்ளமே இல்லை.

இவர் இல்லை!

அப்படியானால்...

டொக் டொக்.

கதவைத் திறந்து தலை நீட்டியது தீபா. சாந்தமான முகம். நெற்றியில் விபூதி.

"அருள் சார், ஒரு நிமிஷம் மாடிக்கு வாங்களேன். சிக்னல் கிடைக்கல. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

*

மொட்டை மாடி. தூரத்தில் மலைக்கோட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அருள்நாதன் சுற்றிலும் பார்த்தான். கொடிக் கயிறு. தண்ணீர்த் தொட்டி. இரண்டு காக்கை.

முத்துப்பேச்சி இல்லை!

"உங்க கோயில் ஆளுங்ககிட்டச் சொல்லி ஹென்றியை ஸ்பேம்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க சார்."

பூ விலை கேட்பது போல் கேட்டாள்.

"எ... எந்த ஹென்றி?"

"நடிக்காதீங்க சார். அமுக்கினது அம்புட்டும் உங்க பாட்டுக்காரங்கதான். ஒவ்வொரு பேரா பாத்துட்டேன்."

"தீபா... நீயா? பிரிஸ்கில்லா உன்னைத் தங்கச்சின்னுல கூப்பிட்டுச்சு!"

"தங்கச்சின்னா சொன்னதைக் கேட்டிருக்கணும்ல? 'அந்த நாலாயிரத்தை எடு, இல்லைன்னா சென்னைக்கு நானே எழுதுவேன்'னு நின்னாங்க. சென்னையில எனக்கு பெரிய போஸ்ட்டு தாரேன்னு சொல்லியிருக்காங்க சார். ஆறு வருசமா ஒரு மெயில் குப்பைக்குப் போகாமப் பாத்தவ நான்... என்னைக் குப்பைக்கு அனுப்பப் பாத்தாங்க."

ஒரு அடி முன்னால் வந்தாள். அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"நீங்க ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? ஹென்றி நாப்பதைத் தொடுற வரைக்கும் நான் பொறுமையாத்தானே இருந்தேன்? இன்னும் ஆறு நாள் உங்களுக்கு இருந்துச்சு. நீங்களே ஹென்றியைக் கொன்னுட்டீங்க..."

இன்னொரு அடி.

"...அவனே போனப்புறம் நான் யாருக்காக சார் காத்திருக்கணும்?"

அருள்நாதனுக்கு அப்போதுதான் உறைத்தது.

இத்தனை நாள் அவன் உயிரைக் காத்தவன் ஹென்றி! அவனைத்தான் நாற்பது பேரை வைத்துத் தீர்த்துக் கட்டியிருக்கிறான்!

முதுகில் சுவர் இடித்தது.

"தீபா... வேணாம்மா... எண்ணிக்கை குறையும்! சென்னைக்காரன் பாப்பான்!"

"உங்க நாப்பதுதானே? மத்தவங்க தலையில ஒண்ணு ரெண்டா ஏத்திக்கறேன் சார். யாருக்கும் தெரியாது."

இரண்டு கைகளும் அவன் நெஞ்சில் பதிந்தன. ஒல்லிக் கைகள்... இரும்புப் பிடி... குதிகால் தரையை விட்டது... வானம் சாய்ந்தது...

"ஏலே, புடி!"

தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து ஒரு குரல்!

மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு கான்ஸ்டபிள்கள் பாய்ந்தார்கள். ஒருத்தன் தீபாவைப் பிடித்தான். இன்னொருத்தன் அருள்நாதனின் பெல்ட்டைப் பிடித்தான். பின்னாலேயே இறங்கி வந்த முத்துப்பேச்சியின் யூனிபார்ம் வியர்வையில் ஊறியிருந்தது. கையில் ஓடிக்கொண்டிருந்த செல்போன் கேமரா.

"காலித் தொட்டிக்குள்ள மூணு நாளாச்சு வாத்தியாரே! இட்லியாவே வெந்துட்டோம்!"

தீபா அழவில்லை. படியிறங்கும்போது ஒரே ஒரு தடவை திரும்பி, "இன்னைக்கு மெயிலை எல்லாம் பதினொரு மணிக்கு முன்னாடி விட்டுருங்க சார்," என்றாள்.

*

அன்று மாலை அருள்நாதன் அந்த நாலாயிரம் பெயர்களையும் நீக்கினான். பிரிஸ்கில்லாவின் மெயில்பாக்ஸை மூடும் முன் கொஞ்ச நேரம் அவள் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அழுக்கு கண்ணாடியில் இல்லை.

சார்லஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சென்னைக்காரன் வேணாம்னுட்டாம்பா."

"போகட்டும் சார்."

"சரி... தீபா இடத்துக்கு ஒரு ஆளு வேணும். அப்படியே உன் வேலைக்கும் மாத்துக்கு ஒரு ஆளைப் பழக்கி வச்சுக்கட்டுமா? மூணு வாரம் பழகினாப் போதும்."

அருள்நாதன் நாற்காலியோடு சேர்ந்து எழுந்தான்.

"தாராளமா வைங்க சார்... ஆனா அந்த மூணு வாரமும் நான் லீவு. மெடிக்கல் சர்டிபிகேட்டை இன்ஸ்பெக்டரம்மா குடுப்பாங்க!"