மலை ஏறாத ஜடை

பீரோவில் வைத்திருந்த ஜடை ஈரமாக இருந்தது.

யுவஸ்ரீ விரல் நுனியால் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். யாரோ இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்ததுபோல நீர் சொட்டிச் சொட்டி, கீழ்த்தட்டில் மடித்திருந்த பள்ளிச் சீருடை முழுக்க நனைந்துபோயிருந்தது; சீயக்காய் வாசனையோடு ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனையும் கலந்து வந்தது. அவர்கள் வீட்டில் மெழுகுவர்த்தியே கிடையாது, கரண்ட் போனால் இன்வெர்ட்டர்தான்.

ஜடை ஸ்வீட்லினுடையது. மணவூர்ப் பெண். இரண்டு பள்ளிகள் சேர்ந்து நடத்திய பேனா நட்புத் திட்டத்தில் இவளுக்குக் கிடைத்தவள். ஆடிக் கிருத்திகை, பூக்காவடி, மொட்டை என்று யுவஸ்ரீ எழுத, கிறிஸ்துமஸ் பஜனை, கல்லறைத் திருநாள் என்று அவள் எழுதினாள். 'வர முடியாதவர்கள் முடியை மஞ்சள் துணியில் முடிந்து அனுப்பினால் நாங்கள் எங்கள் ஊர் மலைக்கோயிலில் சேர்த்துவிடுவோம், முருகன் கேட்டதைக் கொடுப்பார்' என்று பெருமையடித்ததை அந்தப் பெண் அப்படியே நம்பிவிட்டாள். அவள் அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்மா பிழைக்க வேண்டி ஸ்வீட்லின் இடுப்பு வரை இருந்த தன் முடியை வெட்டி அனுப்பினாள்.

ஆண்டு விழா நடனத்துக்கு யுவஸ்ரீக்கு நீள ஜடை வேண்டியிருந்தது. ஒரே ஒரு நாள்தானே என்று அதையே சவுரியாக வைத்துப் பூச்சுற்றி ஆடினாள். பிறகு சோம்பேறித்தனம். 'மலையில் சேர்த்துட்டேன்' என்று கூசாமல் பதிலும் எழுதினாள். சில நாளில் அந்த அம்மா செத்துப்போனாள்.

போன வாரம் கடைசிக் கடிதம் வந்தது.

'உன் டான்ஸ் வீடியோ பார்த்தேன். என் ஜடை உனக்கு அழகாக இருந்தது. எனக்குத் தலை பின்னிவிடுவது என்றால் அம்மாவுக்கு உயிர். கல்லறைத் திருநாளன்று வருவாள், என் முடியைத் தேடுவாள். உன் விலாசத்தைச் சொல்லிவிட்டேன்.'

இன்று கல்லறைத் திருநாள்.

ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, மலைமேல் விளக்குகள் எரியத் தொடங்கின. அம்மா வேலையிலிருந்து வந்ததும் ஓடிப்போய்ச் சேர்த்துவிட வேண்டும். ஈர ஜடையை மஞ்சள் துணியில் வைத்து மடியில் போட்டுக்கொண்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஈரத்தில் வழுக்கி முடிச்சு விழவில்லை.

பின்னால் கதவு திறந்தது. தலையில் சீப்பு இறங்கியது.

"வந்துட்டியாம்மா? சீக்கிரம் பின்னு, நடை சாத்திடுவாங்க."

விரல்கள் ஜில்லென்று வகிடு எடுத்தன. மூன்று காலாகப் பிரித்தன. இழுத்தன.

போன் அடித்தது.

"யுவா, பஸ்ஸே வரலடி. இன்னும் கே.ஜி.கண்டிகையிலதான் நின்னுகினு இருக்கேன். ரெடியாயிட்டியா?"

சீப்பு நிற்கவில்லை.

"ஆங்" என்றாள்.

குனிந்து பார்த்தாள். மடியில் மஞ்சள் துணி காலி.

முதுகில் ஈரம் இறங்கியது. கழுத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. உடனே இறுகியது. மெழுகு.

"ஆன்ட்டி... மன்னிச்சிடுங்க. இப்பவே சேர்த்துடறேன்."

விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு இன்னும் இறுக்கின. நெற்றித் தோல் மேலே ஏறியது. கண்ணை மூட முடியவில்லை. போன் கீழே விழுந்தது.

"யுவா? யார்டி அங்க தாலாட்டு பாடறது?"

எதிரே பீரோக் கண்ணாடி. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. சீப்பு மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. தோளைத் தாண்டி முன்னால் வந்த ஜடை, கழுத்தை ஒரு சுற்று சுற்றி, அடுத்த சுற்றுக்கு நீண்டது.