மேடை உயரம்

"இந்தக் கிச்சன்ல நிக்கப்போறவங்களை நான் பார்க்கணும் சார். இன்னிக்கே."

கேட்டேவிட்டாள். கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அலுவலகத்தில் மேலாளர் அக்கா முதல் நாளே விரலை ஆட்டிச் சொன்னாள்: "அந்த வீட்டுல என்ன வேணா கேளு. சுவரை இடிக்கணும்னு கேளு, தரையைப் பேர்க்கணும்னு கேளு. அங்க சமைக்கிற அந்தம்மாவைப் பார்க்கணும்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. உன் வாயால என் சோத்துலயும் சேர்த்து மண்ணைப் போட்டுடாதே, தாயே."

சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே, சமைத்த தட்டுகளை நீட்டுவதற்காகச் சுவரில் விட்ட சதுரத் திறப்பு ஒன்று இருந்தது. அதன் அந்தப் பக்கம், மேசை முன் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை. காலித் தட்டும், அதன் இருபுறமும் வயதான இரண்டு கைகளும்தான் தெரிந்தன.

"எதுக்கும்மா?"

"உயரம் எடுக்கணும். மேடை சரியில்ல."

"உயரமெல்லாம் அதுவா ஒத்து வந்துடும்" என்றார், வானிலை சொல்வதுபோல.

மேடை சரியில்லை என்பது பொய். மேடை மிகச் சரியாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

அவள் தொழில் சமையலறை வடிவமைப்பது. இந்த வீட்டில் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் குழந்தையாக இருந்த காலத்துச் சமையலறையை, பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து, அச்சு அசலாகத் திரும்ப எழுப்ப வேண்டும். வெளிறிய பச்சை எனாமல் அடுப்பையும், துணி சுற்றிய ஒயர் கொண்ட டோஸ்டரையும், கட்டைவிரல் தடிமனில் கறுப்புச் சுவிட்சுகளையும் பழைய சாமான் கடைகளில் அலைந்து பிடித்தாள். தரைக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பதித்தாள். தோள் உருண்ட அந்தப் பழைய ஃபிரிட்ஜ் மட்டும் இந்த வீட்டிலேயே இருந்தது. அதை யாரையும் தொடவிடாமல் அவரே உருட்டிக்கொண்டு வந்து மூலையில் நிறுத்தினார். கதவில் இரும்புக் கைப்பிடி; வெளியிலிருந்து இழுத்தால்தான் கொக்கி விடும். உள்ளே யாராவது மாட்டினால் கதை முடிந்தது. கொக்கியை எடுத்துவிட்டுக் காந்தப் பட்டை போடலாம் என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

புகைப்படத்தில் எல்லாம் இருந்தன. அடுப்பின் முன் நின்றிருந்த ஆள் மட்டும் இல்லை. அந்த இடம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. "பூச்சி அரிச்சிடுச்சு" என்றார். பூச்சி இவ்வளவு நேர்கோட்டில் அரிக்குமா என்று அவள் கேட்கவில்லை. அதுவரை அவள் நல்ல பெண்ணாக இருந்தாள்.

மேடை உயரம் ஆளுக்கு ஆள் மாறும். சமைப்பவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு அரைச் சாண் கீழே கோடு போட வேண்டும். கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது வகுப்பில் எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். அவளுக்குக் கண் எரிந்தது. அவள் அம்மா அடுத்தவர் வீடுகளில் சமைத்தவள். எவனோ உயரமானவன் அழகு பார்த்துக் கட்டிய மேடைகளில் எம்பி எம்பி நின்று, வலது தோள் போய்விட்டது. இன்றைக்கும் தலை வாரக் கை தூக்க முடியாது. குடும்பத்தில் முதன்முதலாக இவள் பட்டம் வாங்கிய நாளில் அம்மா கட்டிப்பிடித்துச் சொன்ன வாழ்த்து: "இனிமே நீ யார் வீட்டு அடுப்பு முன்னாடியாவது நின்னேன்னா காலை உடைச்சிடுவேன்."

இங்கே அளவெடுக்க ஆளைக் காட்டவில்லை. அதனால் ஒரு தப்பு செய்தாள். படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஏதாவது ஓர் உயரம் இருந்தால்தான் படம் போட முடியும் என்று, தன் முழங்கையையே வெறும் சுவரில் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள். சாயங்காலமே அதை அழித்தாள். அவர் சொன்ன உயரத்துக்கே கொத்தனார் கட்டினார்; புகைப்படத்தில் இருந்ததுபோல நன்றாக உயரமாக. நேற்றுகூட எம்பித்தான் அந்த மேடையைத் துடைத்தாள்.

இன்று எம்ப வேண்டியிருக்கவில்லை. டேப்பை வைத்துப் பார்த்தாள். இன்னொரு முறை வைத்தாள். அவள் முழங்கைக்கு அரைச் சாண் கீழே நின்றது கல். எங்கேயும் விரிசல் இல்லை, ஒட்டு இல்லை.

"அண்ணே, இந்த மேடையை யாராவது தாழ்த்திக் கட்டினாங்களா?"

சுவிட்ச் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் சிரித்தார். "ஆமா, நான்தான் ராத்திரி வந்து ஜாக்கி வெச்சு இறக்கினேன். ஏம்மா, சாப்பிட்டியா இல்லையா? கண்ணு கட்டுதா?"

"விளையாடாதீங்கண்ணே. அந்த ஃபிரிட்ஜாவது ஒழுங்கா ஓடுதா?"

"அதுக்கென்ன, ரிட்டையர் ஆனதுக்கப்புறமும் ஆபீஸுக்கு வந்து உக்காந்துக்கிற ஆளு மாதிரி. காலையிலேர்ந்து உறுமிட்டே..."

ஃபிரிட்ஜின் ஒயர் சுருட்டியபடி அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அந்த ஒயரைப் பார்த்தார்கள். பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்தார்கள். அது, தொண்டையை மெல்லச் செருமிவிட்டு, தொடர்ந்து உறுமியது.

"வண்டியில ஃப்யூஸ் இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்மா." ஒயரைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் வெளியே வண்டி கிளம்பியது. தெருமுனை திரும்பி, சத்தம் தேய்ந்து, இல்லாமல் போனது.

அப்போதுதான் அவள் அந்தத் திறப்பின் பக்கம் திரும்பி, கேட்கக்கூடாததைக் கேட்டாள். பயத்தில் கேட்டாள். பயம் வந்தால் அவளுக்குக் குரல் உயரும். அது அவள் பிறவிக்குணம்.

உயரம் அதுவாக ஒத்து வந்துவிடும் என்ற பதிலுக்குப் பிறகு அந்தக் கைகளில் ஒன்று கரண்டியை எடுத்தது. தட்டின் விளிம்பில் தட்டியது. டிங். இடைவெளி. டிங்.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. எனாமல் அடுப்பில் பகலெல்லாம் புதுப் பெயின்ட் வாசனைதான் வந்தது. இப்போது அதன் அடியிலிருந்து வேறொரு வாசனை, பல வருடம் ஒரே இடத்தில் நின்று வியர்த்த உடம்பும் காய்ந்த பாலும் ஈரத்துணியும் கலந்த வாசனை, குழாயடியிலும் அலமாரி இடுக்கிலும் ஆணியில் தொங்கிய ஏப்ரனிலும் ஊறி ஊறி மேலே வந்தது. அந்த ஏப்ரன் கடையில் வாங்கிய புதுசு. இடுப்பு வருகிற இடத்தில் ஈரமாக இருந்தது. பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு நனையுமே, அந்த இடத்தில்.

டிங்.

வழுக்கியது போலிருக்கவே கீழே பார்த்தாள். அடுப்பின் முன் தரையில், சென்ற வாரம் பதித்த கட்டங்களில், இரண்டு பள்ளங்கள். பாத வடிவில். வருடக்கணக்கில் நின்று தேய்த்த பள்ளங்கள். அவள் பாதங்கள் அவற்றுக்குள் பொருந்தி நின்றுகொண்டிருந்தன. எப்போது வந்து நின்றாள்?

கையில் துணி இருந்தது. மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துணியை வீசினாள்.

"பசிக்குதும்மா" என்றது திறப்பின் அந்தப் பக்கம். குரல் இன்னும் கிழவர் குரல்தான், கொஞ்சலாக இருந்தது.

"சார், நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எங்க அவங்க?"

"எங்கம்மாவா? எங்க போவாங்க? உள்ளதான் இருக்காங்க. கைதான் வழங்கமாட்டேங்குது. அதனால என்ன, நீ நல்லா படிச்ச பொண்ணு, பொறுப்பான பொண்ணு. பாவம், பெரியவர் பசியோட உக்காந்திருக்காருன்னு உனக்கே தெரியாதா?"

வாசற்கதவு திறந்தே கிடந்தது. அது இங்கிருந்தே தெரிந்தது. இந்த மாதிரி வீடுகள் யாரையும் பூட்டி வைப்பதில்லை. பாவம் என்று சொல்லியே நிறுத்தி வைக்கின்றன. அவள் அம்மாவை அப்படித்தான் நிறுத்தினார்கள். ஒரு வாய் டீ, ஒரு பழைய துணி, உன்னை விட்டா யாரும்மா இருக்கா.

டிங் என்றது கரண்டி.

டக் என்றது ஃபிரிட்ஜ். உள்ளிருந்து.

போய்விடலாம். நாலு எட்டு வைத்தால் வாசல். எலக்ட்ரீஷியன் போகவில்லையா? யார் கேட்கப் போகிறார்கள்?

மறுபடி டக். மெதுவாக, பழக்கப்பட்டதுபோல. கூப்பிட்ட குரலுக்கு, 'இதோ வரேன்' என்பதுபோல.

அந்தப் பணிவுதான் அவளைத் திருப்பியது. பள்ளத்திலிருந்து பாதங்களைப் பிடுங்குவதுபோல எடுத்து, மூலைக்குப் போய், இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

கொக்கி விட்டது. புகைபோலக் குளிர் தரையில் வழிந்தது.

உள்ளே அடுக்குத் தட்டுகள் எதுவும் இல்லை. துவைத்து மடித்து வைத்த துணிபோல, சின்னதாக, ஒரு பெண். முழங்கால் நெஞ்சில். தலை பக்கவாட்டில். வலது கை மட்டும் மடங்காமல், உடம்போடு ஒட்டாமல், முழங்கை உயர்ந்து நின்றது; கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடையில் எதையோ இன்னும் நறுக்கிக்கொண்டிருப்பதுபோல. கண் திறந்திருந்தது. அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. திறப்பைப் பார்த்தது. தட்டைப் பார்த்தது.

கை அசைந்தது.

அவள் ஒரு எட்டு பின்வாங்கினாள்.

"கதவை மூடும்மா" என்றார் வீட்டுக்காரர். "குளிர் போயிடும்."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிவாகிவிட்டது. பயம் போய்விடவில்லை, பயத்துக்கு மேலே வேறொன்று ஏறி உட்கார்ந்தது. டேப்பை இழுத்தாள். விறைத்த அந்த முழங்கையில் ஒரு முனையை வைத்து, தோள்வரை, தோளிலிருந்து மடங்கிய இடுப்புவரை, இடுப்பிலிருந்து கால்வரை, விரல் மரத்துப்போக அளந்தாள். கூட்டிப் பார்த்தாள்.

"போட்டோவுல இருக்கிற மேடை இவங்க உயரமே இல்லையே சார். அது எவ்வளவு உசரம்! ஆயுசு பூரா எம்பி நின்னிருக்காங்க. ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"அம்மாவை அதெல்லாம் கேப்பாங்களா?"

"நான் கேட்டேன்ல."

குனிந்து கையை நீட்டினாள். "வாங்கம்மா. வேலை முடிஞ்சது. வாங்க போலாம்."

ஐந்து விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின. உலோகம்போலக் குளிர். நகமில்லாத விரல்கள். வயதானவர்களின் பிடி அல்ல அது. கிணற்றில் விழுந்தவர்களின் பிடி. தோளே பெயர்ந்துவிடும்போல ஒரு கனம் இழுத்தது. பிறகு கனம் எழுந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விட்டுவிடுவோம் என்று தெரியும்.

சாப்பாட்டு அறையைக் கடந்தபோதுதான் அன்று அவர் முகத்தை முழுதாகப் பார்த்தாள். அழுவதற்கு முன் குழந்தைகள் வைத்துக்கொள்கிற முகம். ஆனால் அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார். கண்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தன. கரண்டி விழுந்தது.

"எல்லாரையுமா?" என்றார். "எல்லாரையும் கூட்டிட்டுப் போனா எனக்கு யாரு இருக்கா?"

எல்லாரையுமா. அவள் கால் ஒரு கணம் தயங்கியது. ஒரு கணம்தான்.

"எழுந்து போய் நில்லுங்க. மேடை அதுவா ஒத்து வந்துடும்."

வாசலைத் தாண்டினாள். இவர்களை எங்கே கூட்டிப்போவது, அம்மாவிடம் என்ன சொல்வது, எதுவும் தெரியாது. கையை விடுவதில்லை என்பது மட்டும் முடிவு. பின்னால் கூடத்து விளக்கு எரிந்தது. அவள் நிழல் முன்னே, படியிலும் தெருவிலும் நீண்டு விழுந்தது. நிழலின் கை பின்னால் நீண்டிருந்தது. அதைப் பிடித்தபடி ஒரு வளைந்த நிழல். அதன் கையைப் பிடித்து இன்னொன்று, எம்பி எம்பி. அதற்குப் பின்னால் இன்னொன்று, தோள் சரிந்து. ஈரக் காலடிகள் படியில் சத் சத்தென்று இறங்கிக்கொண்டே இருந்தன. அவள் தெருமுனையை அடைந்தபோதும் உள்ளே அந்த ஃபிரிட்ஜின் கதவு இன்னும் மூடிக்கொள்ளவில்லை.